பாம்பைத் தவிர வேறு ஏதாவது கேளுங்க!

(கம்பைநல்லூரில் வளர்ந்து, இப்போது சீனாவின் செச்சியாங் மாகாணத்து யிவூ நகரில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: பாம்பு சாப்பிட்டாச்சா? உண்மையைச் சொல்லுங்க.
இருமத்தூர் வாசகர்

ப: வந்த கேள்விகளில் பாதி இதுதான், அதனால் முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். இல்லை. பாம்பு சூப் எல்லாம் தெற்கே குவாங்தோங் பக்கத்துப் பழைய வழக்கம். காட்டு விலங்குகளைத் தின்பதற்கு 2020 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டார்கள். யிவூக்காரர்களுக்குப் பன்றி, மீன், ஆற்று நத்தை போதும். நான் கடைசியாகப் பாம்பைப் பார்த்தது நம்மூர்க் கரும்புக் கொல்லையில்தான்.

இங்கே பயப்பட வேண்டியது மின் ஸ்கூட்டருக்கு. சத்தமே வராது. நடைபாதையில் வரும், எதிர்த்திசையில் வரும், ராத்திரியில் விளக்கில்லாமல் வரும். குளிர்காலத்தில் ஓட்டுகிறவர் முன்பக்கம் முழுக்க மெத்தை மாதிரி ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு அதற்குள் கையை விட்டிருப்பார். கட்டில் ஒன்று நம்மை நோக்கி வருகிறதே என்று யோசித்து முடிப்பதற்குள் ஆள் தாண்டிப் போயிருப்பார்.

கே: கம்பைநல்லூரிலிருந்து யிவூவுக்கு எப்படி வருவது?
காரிமங்கலம் கல்லூரி மாணவர்

ப: மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை. அங்கிருந்து சிங்கப்பூரோ ஹாங்காங்கோ போய் மாறி, ஹாங்சோவில் இறங்கணும். ஹாங்சோவிலிருந்து அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் யிவூ. 2020-ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் திரும்பத் தொடங்கின. முதலில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு. மொத்தப் பயணத்திலும் என்னைச் சோதித்த கட்டம், பெட்டியோடு கம்பைநல்லூரில் பஸ் ஏறி மொரப்பூர் போனதுதான்.

கே: என் கடையில் விற்கும் ஹேர் கிளிப் அட்டையின் பின்னால் சீன எழுத்து இருக்கிறது. அது உங்கள் ஊர்ச் சரக்கா?
வளையல் கடைக்காரர், கம்பைநல்லூர் சந்தை

ப: அநேகமாக எங்கள் ஊர் வழியாகத்தான் வந்திருக்கும் அக்கா. இங்குள்ள மொத்தச் சந்தையில் ஏறக்குறைய 75,000 கடைகள். கடைக்கு ஒரு நிமிடம் என்று தினம் எட்டு மணி நேரம் நடந்தாலும் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். பெரிய கடைகள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை. ஒன்றில் பொத்தான் மட்டும், அடுத்ததில் ஜிப் மட்டும், அதற்கடுத்ததில் பொம்மைக்கு ஒட்டும் கண் மட்டும். ஆமாம், கண் மட்டும். ஒரு சுவர் முழுக்க ஆயிரக்கணக்கான கண்கள் நம்மையே பார்க்கும். அந்தக் கடைக்குள் நின்று விலை பேச நெஞ்சழுத்தம் வேண்டும்.

காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். கடையம்மா மதியச் சாப்பாட்டைக் கல்லாவிலேயே முடித்துவிட்டு, மேசையில் தலை சாய்த்து ஒரு தூக்கம் போடுவார். பிள்ளை பக்கத்து ஸ்டூலில் வீட்டுப்பாடம் எழுதும். நாம் போய் விலை கேட்டால் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டுவார். அந்தக் கால்குலேட்டர் ஒவ்வொரு எண்ணையும் பெண் குரலில் உரக்கப் படிக்கும். ஆக, நாம் கேட்ட விலை பக்கத்துக் கடைக்கும் தெரியும், அதற்குப் பக்கத்துக் கடைக்கும் தெரியும். ரகசியமாகப் பேரம் பேச வந்தவன் இந்த ஊரில் பிழைக்க முடியாது.

கே: நாங்கள் துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறோம். சீனாக்காரன் எப்படிப் பேசுகிறான்?
மாட்டுத் தரகர், அரூர்

ப: அவர்களும் விரலில்தான், ஆனால் துண்டு இல்லை. பத்து வரைக்கும் ஒரே கையில் முடித்துவிடுவார்கள். ஐந்து வரை நம்ம கணக்குதான். ஆறுக்குக் கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டணும். ஏழுக்குப் பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியும் சேரணும். ஒன்பதுக்கு ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மடக்கணும். எட்டு இருக்கிறதே, அதற்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீட்டி அச்சு அசலாகத் துப்பாக்கி. வந்த புதிதில் ஒரு சீப்புக் கடையம்மா சிரித்த முகத்தோடு என் நெஞ்சுக்கு நேரே அதை நீட்டினார். டஜன் எட்டு யுவான் என்று பொருள். நான் கை தூக்கினால் ஐந்தோ பத்தோ என்று நினைத்துக்கொள்வாரே என்ற பயத்தில் கையையும் தூக்காமல் நின்றேன்.

எட்டு இவர்களுக்கு ராசி. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 2008-ல் எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். நான்கு ஆகாது. என் குடியிருப்பு லிஃப்டில் மூன்றுக்கு அடுத்து ஐந்து. எங்கள் தளத்துக்கு மேலே ஒரு தளம் கட்டினார்களா, ஒளித்தார்களா என்று ஊரிலிருந்து யார் வந்தாலும் படியில் ஏறி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறார்கள்.

கே: அங்கே வெல்லம் உண்டா? உண்டென்றால் விலை என்ன?
வெல்ல வியாபாரி, கடத்தூர்

ப: ஐயா, சரியான ஊரைப் பார்த்துத்தான் கேட்டீர்கள். யிவூவின் பிழைப்பே வெல்லத்தில் தொடங்கியது. நவம்பர், டிசம்பரில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கரும்பு ஆட்டித் திறந்த கொப்பரையில் காய்ச்சுவார்கள். மணம் அப்படியே நம்ம ஆலைக்கொட்டகை மணம். சூடாக இருக்கும்போதே எண்ணெயில் பொரித்த மாவு முறுக்கை அதில் புரட்டித் தருவார்கள். ஒன்றோடு நிறுத்த முடியாது.

கதை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. யிவூவின் மண் செம்மண், சத்தில்லாதது. நெல்லுக்கு உரம் வேண்டும், வாங்கக் காசில்லை. அதனால் குளிர்காலத்தில் வேலை ஓய்ந்ததும் ஆம்பளைகள் தோளில் காவடி மாதிரி இரண்டு கூடை தொங்கவிட்டு, கையில் ஒரு குட்டிக் கிலுகிலுப்பை மேளத்தை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். கூடையில் சர்க்கரைக் கட்டி. வீட்டுப் பெண்கள் சேர்த்துவைத்த கோழி இறகைக் கொடுத்தால் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டித் தருவார்கள். நல்ல இறகு தூசு தட்டும் துடைப்பத்துக்கு. மிச்சம் வயலுக்கு உரம். நம்ம தெருவில் பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டு வந்தாரே, அவர் அண்ணன் தம்பிதான் இவர்கள். நம்மவர் பேரீச்சம்பழத்தோடு நின்றுவிட்டார். இவர்கள் கூடையில் ஊசி, நூல், சீப்பு, பொத்தான் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

தனியார் வியாபாரம் அப்போது குற்றம். பிடித்தால் சரக்கு பறிபோகும். 1982-ல் ஃபெங் ஐச்சியென் என்ற தெருவோர வியாபாரியம்மா, யிவூ கவுண்டியின் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவாவை அலுவலக வாசலிலேயே மறித்து, நாங்கள் எப்படித்தான் பிழைப்பது என்று சண்டை போட்டார். அந்த மனிதர் கோபப்படாமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். அந்த செப்டம்பரிலேயே தெருச் சந்தைக்கு அனுமதி கிடைத்தது. இன்றைய 75,000 கடைக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. 2018-ல் சீன அரசு சீர்திருத்த முன்னோடிகள் என்று நூறு பேரைக் கௌரவித்தபோது ஷியே காவ்ஹுவாவும் அதில் ஒருவர். என்னைக் கேட்டால் அந்தப் பதக்கத்தில் பாதியை வெட்டி அந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கணும்.

விலை கேட்டீர்கள். சுற்றுலாக்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. வெல்ல வியாபாரிக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கே: பையன் வாட்ஸ்ஆப்பில் வருவதே இல்லை. மறந்துவிட்டானா?
ஷாங்காயில் மகனை வைத்திருக்கும் அம்மா, பென்னாகரம்

ப: மறக்கவில்லை அம்மா. சீனாவில் வாட்ஸ்ஆப், கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் அடைப்பு. இங்கே எல்லாருக்கும் வீசாட்தான். பேச, பணம் கொடுக்க, டாக்டரிடம் சீட்டு வாங்க, வாடகை கட்ட எல்லாம் அதில்தான். சரி, அம்மா போனில் வீசாட் போட்டுக்கொடுக்கலாம் என்றால், 2020 ஜூன் 29-ல் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் வீசாட்டும் ஒன்று. அந்த அரசு இந்தக் கதவைச் சாத்தியது, இந்த அரசு அந்தக் கதவைச் சாத்தியது. நடுவில் நிற்பது நீங்களும் உங்கள் பையனும்.

வழி இருக்கிறது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்தால் அதன் இணையம் இந்தியா வழியாகச் சுற்றி வருவதால் வாட்ஸ்ஆப் வேலை செய்யும். காசு கொஞ்சம் கரையும். இருவரிடமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் போகும். இன்னொன்று, சீனா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நீங்கள் சீரியல் முடிந்து ஒன்பதரைக்குக் கூப்பிடும்போது அவனுக்கு நடுராத்திரி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.

கே: உங்கள் பெயரைச் சீனர்களால் சொல்ல முடிகிறதா?
போச்சம்பள்ளி வாசகி

ப: சொல்வது அப்புறம், எழுதவே முடியவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய் ஒரு கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனேன். சீனப் பெயர் பெரும்பாலும் இரண்டு, மூன்று எழுத்தில் முடிந்துவிடும். என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து படிவத்தின் கட்டத்தை உடைத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனது. அந்தப் பெண் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டார். இருவரும் மேலாளரைக் கூப்பிட்டார்கள். மூவரும் என் அப்பா பெயரை உரக்கப் படித்துப் பார்த்தார்கள். ஊரில் யாரும் அவரை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ஐயா என்றுதான். இங்கே மூன்று பேர் மாற்றி மாற்றி ஏலம் விட்டார்கள்.

கடைசியில் வங்கியில் அப்பா பெயர் முன்னால், சிம் கார்டில் பின்னால், ரயில் டிக்கெட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டு என்று ஆகிவிட்டது. வங்கியிலும் சிம்மிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் போனில் பணம் போகும். இங்கு வரப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், முதல் நாளே எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி, இடைவெளி உட்பட, எழுதவையுங்கள். எங்கள் சந்து முனைக் காய்கறிக் கடை அம்மாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. என்னை ‘யின்து’, அதாவது ‘இந்தியா’ என்றே கூப்பிடுகிறார். நூற்று நாற்பது கோடிப் பேர் சார்பில் நான்தான் கத்தரிக்காய் வாங்குகிறேன்.

கே: சீன மருமகள் ஏதாவது வருவாளா?
பெயர் போடாதவர், கம்பைநல்லூர்

ப: கையெழுத்து தெரிகிறது அம்மா. இங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்கணும். கூடவே பையன் பேரில் சொந்தமாக வீடு இருக்கா என்று கேட்பார்கள். மிச்சத்தை போனில் பேசிக்கொள்வோம்.

கே: மகனுக்கு நீட்டில் மார்க் போதவில்லை. சீனாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாம், ஆறே வருடத்தில் டாக்டர் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?
அரசுப் பள்ளி ஆசிரியை, அரூர்

ப: டீச்சர், இதில் மட்டும் விளையாட மாட்டேன். ஏஜென்டிடம் நாலு விஷயம் கேளுங்கள்.

நீட்டில் இடம் கிடைக்காவிட்டாலும் தகுதி மதிப்பெண் இருந்தே ஆகணும். அது இல்லாமல் வெளிநாட்டுப் பட்டம் இந்தியாவில் செல்லாது. அடுத்து, பாடம் முழுக்க ஆங்கிலத்திலா? பாதி ஆங்கிலம் பாதி சீனம் என்று நடத்தும் வகுப்புக்கு அங்கீகாரம் இல்லை. பெய்ஜிங்கில் உள்ள நம் தூதரகம் 2022 செப்டம்பரில் விட்ட அறிவிப்பில், வெளிநாட்டு மாணவர்களை ஆங்கிலத்தில் படிக்கச் சேர்க்க அனுமதி பெற்றவை என்று 45 கல்லூரிகள் இருந்தன. அவர் சொல்லும் கல்லூரி தூதரகத்தின் இப்போதைய பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மூன்றாவது, 2021 நவம்பர் விதிப்படி குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் முடிக்கணும். பாடம் ஆங்கிலமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் வயிறு வலிக்கிறது என்று வரும் தாத்தா சீனத்தில்தான் புலம்புவார். அதனால் எச்.எஸ்.கே. நான்காம் நிலைச் சீன மொழித் தேர்விலும் தேறணும். தேறாவிட்டால் பட்டமே கிடையாது என்று அதே அறிவிப்பு சொல்கிறது.

நாலாவதுதான் முக்கியம். திரும்பி வந்து, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு எழுதணும். 300-க்கு 150 வாங்கணும். 2015-லிருந்து 2021 வரை சீனாவில் படித்துவிட்டு வந்து இந்தத் தேர்வு எழுதியவர்கள் 40,417. தேறியவர்கள் 6,387. நூற்றுக்குப் பதினாறு பேர். இதைச் சொல்லும்போது ஏஜென்ட் முகத்தைப் பாருங்கள். தண்ணீர் கேட்டால் அடுத்த ஏஜென்டிடம் போங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

சீனாவில் படித்து வந்து நன்றாகத் தொழில் செய்கிற டாக்டர்கள் நம் மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் ஊருக்கு வந்தும் விடாமல் புத்தகத்தோடு உட்கார்ந்தவர்கள். 2020 ஜனவரியில் கொரோனாவால் வூஹான் மூடப்பட்டபோது ஏர் இந்தியாவின் முதல் விமானத்தில் 324 பேர் திரும்பினார்கள், பெரும்பாலும் மாணவர்கள். அதற்குப் பிறகு மாணவர் விசா மறுபடி திறந்தது 2022 ஆகஸ்டில்தான். இரண்டரை வருடம் ஆன்லைனில் வைத்தியம் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், ஏஜென்ட் சொல்லாத அத்தனையும் சொல்வார்கள்.

கே: களி கிடைக்குமா?
ராகி விவசாயி, பாலக்கோடு

ப: கிடைக்காது. இந்திய மளிகைக் கடைகள் யிவூவில் உண்டு. பருப்பு, மசாலா, பாசுமதிக்குப் பஞ்சமில்லை, உணவகங்களும் இருக்கின்றன. ராகி என்றால் கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். ஊரிலிருந்து கொண்டுவரலாம் என்றால் சுங்கத்தில் பச்சைக் காய், பழம், விதை, வெண்ணெய் வகையறா எதையும் விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கொத்தோடு வந்தவர் வெறுங்கையோடுதான் வெளியே வருவார்.

இங்கே தமிழ்ப் பையன்களைக் காப்பாற்றி வருவது தக்காளி முட்டைப் பொரியல். எந்தத் தெருக்கடையிலும் இருக்கும். ஒரே குறை, அதில் ஒரு கரண்டி சர்க்கரை போடுவார்கள். தடுக்கப் போனால் சமையற்காரர் வருத்தப்படுவார். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கறி போடாதீர்கள் என்றால், பெரிய துண்டாகப் போடாதீர்கள் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கீரைப் பொரியலில் கொத்துக்கறி தூவியிருக்கும், பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும். சுத்த சைவம் வேண்டுமானால் புத்தர் கோயிலை ஒட்டிய கடைதான்.

கே: வெயில் காலத்திலும் சுடுதண்ணீரா?
மத்தூர் வாசகர்

ப: நாற்பது டிகிரியிலும். ரயில் பெட்டியில் சுடுதண்ணீர்க் குழாய், அலுவலகத்தில் குழாய், விமான நிலையத்தில் குழாய். தலைவலியா, காதல் தோல்வியா, கம்பெனி திவாலா, எல்லாவற்றுக்கும் முதல் மருந்து ஒரு டம்ளர் சுடுதண்ணீர். ஐஸ் கேட்டால் உங்கள் வயிற்றைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

கே: குச்சிக்கிழங்கு விலை படுத்துவிட்டது. சீனாக்காரன் வாங்குவானா?
மரவள்ளி விவசாயி, பாப்பிரெட்டிப்பட்டி

ப: அண்ணா, அவன் குடித்துக்கொண்டே இருக்கிறான். தெருவுக்கு நாலு பால் டீக் கடை. டீயின் அடியில் கோலிக்குண்டைவிடச் சின்னதாகக் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். தடித்த உறிஞ்சுகுழலில் டீயோடு சேர்ந்து தொண்டைக்குள் பாயும். அந்த உருண்டை மரவள்ளி மாவு, கூடவே பாகு. நம்ம ஜவ்வரிசியின் பணக்காரத் தம்பி. தைவானில் 1980-களில் பிறந்தது, இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு கப் பதினைந்து யுவான், நம்ம காசில் 180 ரூபாய் பக்கம். ஆனால் சீனா மரவள்ளியையும் அதன் மாவையும் பெரும்பாலும் தாய்லாந்து, வியட்நாமிலிருந்து வாங்குகிறது. கப்பல் தூரம் குறைவு, அளவு அதிகம். சேலத்து சேகோ ஆலைக்காரர்கள் மாவை அனுப்பப் பார்ப்பதைவிட, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் உருண்டை டீக் கடை போடுவது லாபம் என்பது என் கணிப்பு. பாயசம் குடிக்கிற ஊருக்கு இதை விற்பது கஷ்டமா என்ன?

கே: நான் பட்டுக்கூடு விற்கிறவன். நாங்கள் புழு வளர்க்கிறோம், அவர்கள் புழுவைத் தின்கிறார்களாமே?
தருமபுரி வாசகர்

ப: கூட்டுக்குள் இருக்கும் புழுவைத் தின்பது அதிகமும் வடகிழக்குச் சீனாவில். அதுவும் நம்ம மல்பெரிப் புழு இல்லை, காட்டு ரகம், பெரிசு. எண்ணெயில் வறுத்துத் தருவார்கள். எங்கள் செச்சியாங் பட்டுக்குப் பேர்போன மாகாணம். ஹூசோ, ஜியாஷிங், ஹாங்சோ மூன்றும் பட்டு ஊர்கள். ஹாங்சோவில் பட்டுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அங்கே தறிக்கு முன்னால் நின்றபோது பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர், உங்கள் ஊரில் பட்டு உண்டா என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டார். தருமபுரி ஏலக்கூடத்துப் படத்தைக் காட்டினேன். குவியலைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கூடு நிறம் நல்லாயிருக்கு, கிலோ என்ன விலை என்றார். அருங்காட்சியகத்தில் நின்றும் விலை கேட்டவர், கட்டாயம் யிவூக்காரராகத்தான் இருக்கணும்.

கே: இந்தியன் என்று தெரிந்தால் முறைப்பார்களா? கல்வான் சண்டை எல்லாம் நடந்ததே?
முன்னாள் ராணுவ வீரர், கடகத்தூர்

ப: செய்தியைப் பார்த்துவிட்டு நானும் அப்படித்தான் பயந்து வந்தேன் ஐயா. டாக்சிக்காரரின் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு. இரண்டாவது, கல்யாணம் ஆச்சா. மூன்றாவது, ஆமிர் கானைப் பார்த்திருக்கிறாயா. அவருடைய ‘தங்கல்’ 2017-ல் இங்கே மட்டும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அள்ளியது. மகளை வளர்க்கிற அப்பா கதை என்றால் இவர்களுக்கு உயிர். 2024 நவம்பர் 29-ல் விஜய் சேதுபதியின் ‘மகாராஜா’ வந்தபோது நானும் போனேன். கீழே சீன எழுத்து ஓடுகிறது, எனக்குத் தேவையில்லை, காதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் சிரிக்கிற இடத்தில் தியேட்டருக்கு அரை நொடி முன்னாலேயே சிரித்துவிட்டேன். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இதுவரை இங்கே எனக்குக் கிடைத்த முறைப்பு அது ஒன்றுதான்.

கே: வாடகை வீடு கொடுப்பார்களா?
பர்கூர் வாசகர்

ப: கொடுப்பார்கள். சாதி கேட்க மாட்டார்கள், கறி சமைப்பாயா என்று கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள். ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதியணும். என் வீட்டுக்காரம்மா முதல் நாளே என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார். வழியில் பார்த்த எல்லாரிடமும் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். கைதாகிப் போகிறேன் என்று தெருவே நினைத்திருக்கும். பிறகுதான் தெரிந்தது, ‘என் வீட்டுக்கு வெளிநாட்டுக்காரன் வந்திருக்கான்’ என்று பெருமை அடித்திருக்கிறார்.

கே: குளிர் தாங்குமா?
தீர்த்தமலை வாசகி

ப: வடக்கே பெய்ஜிங்கில் பனி கொட்டும், வீட்டுக்குள் பனியனோடு இருப்பார்கள். ஊருக்கே அரசு வெந்நீர்க் குழாய் வைத்துச் சூடாக்குகிறது. அந்த வசதி சின்லிங் மலை, ஹுவாய் ஆறு என்ற கோட்டோடு நின்றுவிடும். நாங்கள் கோட்டுக்குத் தெற்கே. ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும், சுவரெல்லாம் ஈரம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கோட்டை மாட்டிக்கொள்ளும் விநோதம் இங்கே உண்டு.

கே: சீனாவில் தமிழ் உண்டா?
தமிழாசிரியர், ஊத்தங்கரை

ப: கல்லிலும் உண்டு, காற்றிலும் இருந்தது ஐயா. எங்களுக்குத் தெற்கே ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்சோ துறைமுகம். அங்கே 1281-ல், குப்லாய் கானின் காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலத்துக்காகச் சிவனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் போய்விட்டது. அதன் தூண்கள் சில, அந்த ஊர் கையுவான் புத்தர் கோயிலின் பின்பக்கம் நிற்கின்றன. பௌத்தப் பாட்டிகள் ஊதுபத்தி ஏற்றிவிட்டு அதைத் தாண்டித்தான் போகிறார்கள். தூணில் இருப்பது கண்ணன் என்று அவர்களிடம் சொல்ல என் சீனம் போதவில்லை. 2021-ல் அந்த நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

காற்றில் இருந்தது சீன வானொலி. 1963 ஆகஸ்ட் 1-ல் பெய்ஜிங்கிலிருந்து சிற்றலையில் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. அறிவிப்பாளர்கள் சீனர்கள், பெயர் மட்டும் தமிழ். தமிழ்ப் பிரிவுத் தலைவராக இருந்த கலைமகள் ‘சீனாவில் இன்ப உலா’ என்று தமிழிலேயே புத்தகம் எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ் உச்சரிப்பைக் கேட்ட பிறகு, நம்ம டி.வி. தொகுப்பாளர்கள் சிலரைப் பெய்ஜிங்குக்குப் பயிற்சிக்கு அனுப்பலாமே என்று தோன்றும்.

கே: மாப்ளே, மாந்தோப்புக்கு மருந்தடிக்க ஒரு ட்ரோன் வாங்கிட்டு வா. காசு அப்புறம் பார்த்துக்கலாம்.
தாய்மாமன், மொரப்பூர்

ப: மாமா, காசை அப்புறம் பார்ப்பது இருக்கட்டும், ட்ரோனையே பார்க்க முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை. ராணுவம், ஆராய்ச்சி மாதிரி சிலவற்றுக்குத்தான் விலக்கு, மாந்தோப்பு அதில் இல்லை. சென்னை விமான நிலையத்தில் என்னோடு சேர்த்து அதையும் உட்காரவைத்துவிடுவார்கள். போன முறை கேட்ட பவர் பேங்கும் சந்தேகம்தான். 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி பாதுகாப்பு முத்திரை இல்லாததைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

அத்தை கேட்ட நகவெட்டி மட்டும் நிச்சயம். எத்தனை வேண்டும் என்று யோசித்து எழுதச் சொல்லுங்கள். இந்தச் சந்தையில் ஒன்று இரண்டு கொடுக்க மாட்டார்கள், அட்டைப்பெட்டிக் கணக்குதான். ஒரு பெட்டியில் 1,200 இருக்கும்.